மஞ்சள் சதுரம்

ராசிபுரம்
3 பிப்ரவரி 2025

ஜீவா மாமாவுக்கு,

கயல்தான் எழுதுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டுப் படியுங்கள்.

போனில் பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்த மறுநாள் நீங்கள் கூப்பிட்டீர்கள். நான் அழுதேன், கத்தினேன், வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். சாயந்திரமே அது நம் யூடியூப் சேனலில் ஓடியது. "கயல் என்ன சொன்னாங்கன்னு நீங்களே கேளுங்க மக்களே" என்று தலைப்பு வேறு. அண்ணி அடுப்படியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் படுத்திருந்த நான் என் அழுகையை நானே கேட்டேன். அன்றைக்கே சிம்மை ஒடித்துக் குப்பைக்குழியில் போட்டேன். காகிதத்தில் குரல் இருக்காது. அதனால்தான் காகிதம். இதையும் கேமரா முன்னால் வைத்துப் படித்தீர்கள் என்றால் அதோடு நமக்குள் எல்லாம் தீர்ந்தது.

கேட்பது ஒன்றே ஒன்று. பாப்பாவை எடுத்த அந்த வீடியோவை அழித்துவிடுங்கள்.

நான் அதைப் பார்க்கவில்லை. எனக்கு நினைவு திரும்பும்போது எல்லாம் முடிந்திருந்தது. வயிற்றிலேயே மூச்சு நின்றுபோன பிள்ளையைத் தாய்க்குக் காட்டக்கூடாது, காட்டினால் மனதைவிட்டுப் போகாது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களும் எங்கள் வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து முடிவு செய்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு வீட்டாருக்கும் சண்டையே வரவில்லை. உங்கள் அப்பா வாங்கிக்கொண்டு போய் உங்கள் தோட்டக்காட்டில் வேலியோரம் புதைத்துவிட்டு வந்தார். பெண்கள் யாரும் போகவில்லை. சரி, அது வழக்கம், விட்டுவிடுகிறேன். ஆனால் தாய்க்குக் காட்டாத முகத்தை ஊருக்குக் காட்டச் சொல்லி எந்த வழக்கம் சொன்னது?

நேற்று பூக்காரம்மா வாசலில் என்னைப் பார்த்துவிட்டு, "பாத்தனுங்க அம்மிணி, செலயாட்டம் இருந்துச்சு, ஆண்டவனுக்குக் கண்ணில்ல" என்று அழுதார். நான் பார்க்காத என் பிள்ளையை எங்கள் தெருப் பூக்காரம்மா பார்த்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபமில்லை. உங்கள்மேல் இருக்கிறது.

அழித்துவிட்டு எழுதுங்கள்.

கயல்விழி


குமாரபாளையம்
7 பிப்ரவரி 2025

கயலு,

"வணக்கம் மக்களே" என்று எழுதத்தான் கை போனது. அடித்துவிட்டேன், மேலே கறுப்பாக இருக்கிறதே, அதுதான். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு நான் இவ்வளவு எழுதியதில்லை. பேனாவை மேல்வீட்டுப் பையனிடம் கடன் கேட்டு வாங்கினேன்.

அந்தப் போன் ரெக்கார்டிங் போட்டது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு எல்லோரும் கயல் எங்கே, கயல் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நம் மேல் அவ்வளவு பாசம் அவர்களுக்கு. உனக்குத் தெரியாதா? நீ முதல்முதலில் வாந்தி எடுத்த நாளிலிருந்து வளைகாப்புக் கட்டுச்சோறு விருந்து வரைக்கும் நம்மோடு கூடவே வந்தவர்கள். பாப்பாவுக்கு யாழினி என்று பெயர் வைத்ததே அவர்கள் ஓட்டுப் போட்டுத்தானே. இப்போதும் பார்சல் வருகிறது. விஷயம் தெரியாமல் முன்பே அனுப்பியவை. நேற்று தூத்துக்குடியிலிருந்து ஒரு சின்னக் கவுன் வந்தது, மஞ்சள் நிறம். பிரிக்காமல் அலமாரிமேல் வைத்திருக்கிறேன்.

நான் ஏன் எடுத்தேன் என்று நீ கேட்பாய். எனக்கே தெரியவில்லை கயலு. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு கையில் வாங்கினேன். இன்னொரு கையில் போன் இருந்தது. இரண்டு வருடமாக எது நடந்தாலும் அந்தக் கை தானாக மேலே போகும், உனக்குத் தெரியும். சாம்பார் கொதித்தாலும் போகும், கரண்ட் போனாலும் போகும். அன்றைக்கும் போய்விட்டது. உனக்காகத்தான் எடுத்தேன் என்றும் சொல்லலாம். நீ பார்க்கவில்லையே, பின்னால் எப்போதாவது காட்டலாம் என்று.

அழிக்கச் சொல்கிறாய். கொஞ்சம் யோசித்துப் பார். முகத்தை மட்டும் மங்கலாக்கிவிடட்டுமா? கமெண்டை மூடிவிடட்டுமா? நம் "கயல் ஊடு" சேனலில் வேறு எந்த வீடியோவும் இவ்வளவு பேரிடம் போனதில்லை. நான் சந்தோஷமாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொல்கிறேன். அதை எடுத்தால் மற்றதெல்லாம் கீழே போய்விடும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

அப்பா என்னோடு பேசுவதில்லை. காட்டுக்குப் போனால் பம்புசெட்டுப் பக்கம் எழுந்து போய்விடுகிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு. தையல் வலிக்கிறதா?

ஜீவா


ராசிபுரம்
11 பிப்ரவரி 2025

மாமா,

தையல் வலிக்கவில்லை. பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது. அம்மா மல்லிகைப் பூவை அரைத்துப் பற்றுப் போடுகிறார். குடிக்கப் பிள்ளை இல்லை என்று அதற்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, அது பாட்டுக்கு ஊறிக்கொண்டிருக்கிறது. இதை வேண்டுமானால் ஒரு வீடியோ போடுங்கள். நன்றாகப் போகும்.

எனக்காக எடுத்தீர்களாம். எனக்காக எடுத்தவர் எனக்குக் காட்டிவிட்டல்லவா ஊருக்குக் காட்டியிருக்க வேண்டும்? நான் மயக்கத்தில் கிடந்தபோதே தலைப்பு வைத்து, அழுகிற முகம் ஒட்டி, பின்னால் பாட்டுச் சேர்த்து ஏற்றிவிட்டீர்கள். பாட்டைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தீர்களே, அப்போது எனக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மங்கலாக்குகிறேன், மூடுகிறேன் என்று கடைக்காரரிடம் பேசுவது மாதிரிப் பேசாதீர்கள். நான் பேரம் பேசவில்லை.

யாழினி என்று எனக்கு எழுதாதீர்கள். அது ஓட்டுப் போட்டவர்களின் பிள்ளையின் பெயர். நான் மனதுக்குள் வேறு பெயர் வைத்திருந்தேன். அதை உங்களிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் நாலு பெயரில் ஒன்றாகப் போட்டு ஓட்டுக்கு விட்டிருப்பீர்கள்.

அந்த மஞ்சள் கவுனை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அலமாரிமேல் வைக்க வேண்டாம்.

கயல்விழி


குமாரபாளையம்
20 பிப்ரவரி 2025

கயலு,

ஞாயிற்றுக்கிழமை ராசிபுரம் வரைக்கும் வந்தும் உன்னைப் பார்க்க முடியவில்லை. உன் அண்ணன் மாதேஸ்வரன் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். "சட்டப் பையில என்னத்தயோ எட்டிப் பாக்க உட்டுக்கிட்டு வாரீங்களே மாப்ள, அத அந்தக் கல்லு மேல வெச்சுப்போட்டு உள்ள வாங்க" என்றார். தெருவே பார்க்கிறது. அப்படிச் சொன்னதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வந்த வழியே திரும்பிவிட்டேன். போன் ஓடவில்லை கயலு, சத்தியமாக அணைத்துத்தான் வைத்திருந்தேன். எல்லோரும் பையில் போன் வைப்பதில்லையா? ஜன்னலில் நீ நின்றதைப் பார்த்தேன். நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நானும் கொஞ்சம் பேச வேண்டும். எல்லாம் நான் ஒருவன் செய்த மாதிரி எழுதுகிறாய். தறிக்குடோனில் அறுந்த நூலை முடிந்துகொண்டு, இரைச்சலில் காதும் கேட்காமல் கிடந்தவன் நான். ஆடிப் பதினெட்டுக்குக் காவிரியில் நீ முளைப்பாரி விட்டதை எடுத்துப் போட்டேன், அதைத்தான் முதலில் ஆயிரம் பேர் பார்த்தார்கள். அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? "ஏனுங்க, இன்னொன்னு போடலாமுங்க" என்றாய். சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாய். இந்தப் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொடுத்தாய். பஸ்ஸில் யாராவது "நீங்க கயல் ஊடு அக்காதானுங்களே" என்று கேட்டால் உனக்கு முகமெல்லாம் பூரித்துப்போகும். நான் பார்க்கவில்லையா? சந்தோஷத்தில் நாம் இரண்டு பேரும் இருந்தோம், துக்கத்தில் நான் மட்டும் குற்றவாளியா?

தறி முதலாளி நவநீதகிருஷ்ணனைப் பார்த்தேன். மறுபடி வேலைக்கு வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர், "என்னப்பா யூட்டூப்பு, எங்களையும் எடுக்க வந்தியா?" என்று சிரித்தார். கூட நின்ற எல்லோரும் சிரித்தார்கள். கேட்காமல் வந்துவிட்டேன். அந்தச் சேனல் இல்லையென்றால் நான் யார் கயலு? பெயர் கூட இல்லாத ஒரு தறிக்காரன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தை மேசைமேல் வைத்து, வீடியோவுக்கு வைக்கிற ரிங் லைட்டைப் போட்டேன். படிக்கப் போனேன். பால் கட்டியதைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த இடம் வந்ததும் விளக்கை அணைத்துவிட்டேன். படிக்கவில்லை. இதற்காவது எனக்கு ஒரு நல்ல வார்த்தை எழுது.

ஜீவா


ராசிபுரம்
25 பிப்ரவரி 2025

மாமா,

விளக்கை அணைத்ததற்கு நல்ல வார்த்தை: சந்தோஷம்.

நான் சிரித்ததும் சேலை மாற்றியதும் உண்மைதான். இல்லை என்று சொல்லவில்லை. பஸ்ஸில் கேட்டபோது பூரித்ததும் உண்மை. என்னை நான் கொடுத்தேன், அது என் இஷ்டம். அவளைக் கொடுக்க நான் சம்மதிக்கவில்லை. அவளும் சம்மதிக்கவில்லை.

ஜன்னலில் நின்றேன். நீங்கள் அந்தப் போனைக் கல்மேல் வைத்துவிட்டு உள்ளே வருவீர்களா என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன். வைத்துவிட்டு வந்திருந்தால் நானே கதவைத் திறந்திருப்பேன். அண்ணனைத் திட்டியிருப்பேன். உங்களுக்குச் சோறு போட்டிருப்பேன். நீங்கள் பையைக் கையால் மூடிக்கொண்டு திரும்பி நடந்தீர்கள்.

வீடியோவை அழியுங்கள். ஒரு இடத்திலும் மிச்சம் வைக்காதீர்கள். அழித்தால் வருகிறேன். வந்து மற்றதைப் பேசலாம்.

கயல்விழி


ராசிபுரம்
5 மார்ச் 2025

மாமா,

உங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். இது வேறு விஷயம். கோபமில்லாமல் எழுதுகிறேன், நீங்களும் கோபமில்லாமல் படியுங்கள்.

நேற்று அம்மாவோடு டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு பள்ளிக்கூடப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீல நிறப் பாவாடை, இரட்டைச் சடை. கிட்டே வந்து, "கயலக்கா தானுங்களே?" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் போகவில்லை. மெதுவாக, "அக்கா, பாப்பாவுக்கு உங்க தாவாங்கட்டதானுங்க. நடுவுல சின்னக் குழி, அப்படியே உங்களுக்கு இருக்கற மாதிரியே" என்றாள். சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றேன். என் தாவாங்கட்டையை நான் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.

எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் மாமா. ஒரே ஒரு முறை. பெரியவர்கள் சொன்னது எதற்கும் உதவவில்லை. பார்த்தால் மறக்காது என்றார்கள். பார்க்காததுதான் மறக்க மாட்டேன் என்கிறது. ராத்திரி பகல் பாராமல் ஏதேதோ முகங்கள் வருகின்றன. அதில் எது அவள் என்று தெரியவில்லை.

நேற்றுச் சாயந்திரமே அண்ணியின் போனில் தேடிப் பார்த்தேன். வந்தது. தொடக்கூட இல்லை, அதற்குள் சோப்புத்தூள் விளம்பரம் ஓட ஆரம்பித்தது. கீழே யாரோ சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். மூடிவிட்டேன். சோப்புத்தூள் விளம்பரத்துக்குப் பின்னால் என் மகளைப் பார்க்க எனக்கு மனமில்லை. அந்தக் கணக்கில் நானும் ஒரு ஆளாகச் சேர மாட்டேன்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். அழிப்பதற்கு முன்னால் அவள் முகம் வருகிற இடத்தை மட்டும் எடுத்து, ஸ்டூடியோவில் கொடுத்து, காகிதத்தில் போட்டோவாகப் போடச் சொல்லுங்கள். எழுத்து வேண்டாம், வட்டம் வேண்டாம், அம்புக்குறி வேண்டாம். அவள் மட்டும். அதைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்புங்கள். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிடலாம். நான் வருகிறேன்.

அண்ணன் போனில் உங்கள் எண்ணைப் போட்டேன். மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டேன். பேசினால் அழுகை வந்துவிடும். உங்கள் போனில் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகும் என்று எனக்குத் தெரியும். எழுதினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடுமே என்று எழுதுகிறேன்.

கயல்


குமாரபாளையம்
5 மார்ச் 2025

என் கயலு,

முடித்துவிட்டேன்!

நீ கேட்டபடி செய்துவிட்டேன். நேற்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்தேன். அந்த வீடியோவை மட்டுமல்ல, சேனலையே எடுத்துவிட்டேன். கடைசியில், நிச்சயமாக அழிக்கவா என்று இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் ஆமாம் என்று அழுத்தினேன்.  போனில் இருந்ததை அழித்தேன். குப்பைத்தொட்டி என்று ஒன்று இருக்கிறதே, அதையும் காலி செய்தேன். தானாகச் சேமித்து வைத்திருந்ததையும் தேடிப்பிடித்து அழித்தேன். போனையே துடைத்து, இன்று கடையில் கொடுத்து மாற்றி, பட்டன் வைத்த சின்னப் போன் ஒன்று வாங்கிக்கொண்டேன். அதில் கேமராவே கிடையாது. இனி உன் அண்ணன் என்னைக் கேட்டில் நிறுத்த முடியாது.

மெமரி கார்டு ஒன்று மிச்சம் இருந்தது. அதை உடைத்துக் குப்பையில் போட மனம் வரவில்லை. அதற்குள் அவள் இருக்கிறாளே. அப்போதுதான் ஒன்று தோன்றியது. கைக்குழந்தைக்குக் கருமாதி கிடையாது, திதி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நாம் அவளுக்கு எதுவுமே செய்யவில்லை. இன்று காலையில் குளித்துவிட்டு, பாலத்தைத் தாண்டிப் பவானிக் கூடுதுறைக்குப் போனேன். எல்லோரும் அவரவர் வீட்டுச் சாம்பலைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வாழை இலைத்துண்டில் மஞ்சளும் பூவும் வைத்து, நடுவில் அந்தக் கார்டை வைத்து, ஆற்றில் விட்டேன். ஐயர் ஒருவர், "யாருக்குங்க?" என்று கேட்டார். "எம் பொண்ணுக்குங்க" என்றேன். வாய்விட்டு அழுதேன் கயலு. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கூட அப்படி அழவில்லை. என்னை யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நம் சேனலில் வராத முதல் அழுகை அதுதான்.

இலை கொஞ்ச தூரம் போய்ச் சுழன்று முழுகியது.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.  இந்தத் தடவை எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். முதலாளியிடம் கேட்டுவிட்டேன், திங்கட்கிழமை தறிக்கு வரச்சொல்லியிருக்கிறார். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

ஒரு இடத்திலும் மிச்சமில்லை. நீ சொன்ன வார்த்தை மாறாமல் செய்திருக்கிறேன். எப்போது வருகிறாய்? நான் வந்து கூட்டிக்கொண்டு போகட்டுமா?

உன் ஜீவா


குமாரபாளையம்
10 மார்ச் 2025

கயலு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நீ அதை எழுதிய அன்றைக்குத்தான் நான் கூடுதுறையில் நின்றிருக்கிறேன். என் கடிதமும் அதே நாளில் உனக்கு வந்திருக்கும். நீ அதை எப்படிப் படித்திருப்பாய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். முடித்துவிட்டேன் என்று ஆச்சரியக்குறியெல்லாம் போட்டிருந்தேன்.

செய்யக்கூடியதையெல்லாம் செய்து பார்த்தேன். போனை மாற்றிய கடைக்கு ஓடினேன். அது கை மாறிப் போய்விட்டது, இருந்தாலும் துடைத்ததிலிருந்து எதுவும் வராது என்றார்கள். சேனல்காரர்களுக்கு எழுதினேன். அழித்தது அழித்ததுதான் என்று மிஷின் பதில் வந்தது. சனிக்கிழமை கூடுதுறையில் முங்கித் தேடுகிறவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். காசும் மோதிரமும் எடுக்கிறவர்கள். "நெகத்தளவு சாமானுங்க, தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிருக்குமுங்க" என்றார்கள். ஆனாலும் எனக்காக இரண்டு தடவை முங்கினார்கள்.

நம் வீடியோவைத் திருடிப் போட்டவர்கள் இருப்பார்களே என்று மேல்வீட்டுப் பையனின் போனில் தேடினேன். ஒன்று கிடைத்தது.  திறந்து பார்த்தால், குழந்தை முகத்தைக் காட்டினால் எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, அவள் முகத்தின்மேல் அழுகிற பொம்மையை ஒட்டியிருக்கிறார்கள். கடைசிவரை அந்தப் பொம்மை நகரவே இல்லை. துணியும் என் கையும் மட்டும் தெரிகிறது.

அப்பாவைக் கேட்டேன். அவர்தானே புதைத்தவர். "நானு மொகத்தப் பாக்குல சாமி. பாத்தா மண்ணத் தள்ள மனசு வராதுன்னு துணிய வெலக்கவே இல்ல" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு பம்புசெட்டுப் பக்கம் போய்விட்டார். உன் அம்மாவும் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும், அவர் உன் கட்டிலை விட்டு நகரவே இல்லை.

ஆக, நான்தான். நம் இரண்டு வீட்டிலும் அவளைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதனால் முகத்தை உனக்கு எழுதிவிடலாம் என்று நேற்றுக் காலையில் உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். எழுத வரவில்லை.

பொய் சொல்லலாம். தாவாங்கட்டையில் குழி இருந்தது, நெற்றி என் நெற்றி, மூக்கு உன் மூக்கு என்று எழுதியிருப்பேன். நீ நம்பியிருப்பாய். ஆனால் உனக்கு இனிமேல் பொய் எழுதக்கூடாது என்று நினைக்கிறேன்.

நான் அவளைப் பார்க்கவில்லை கயலு. போனைப் பார்த்தேன். வெளிச்சம் பற்றவில்லை, கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பினேன். முகத்தைச் சுற்றி அந்த மஞ்சள் சதுரம் வந்தது, முகத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று போன் காட்டுமே, அந்தச் சதுரம். அது வந்ததும் சரியாக விழுகிறது என்று நிம்மதியாக இருந்தது. அந்தச் சதுரம் இன்றைக்கும் கண் முன்னால் நிற்கிறது. அதற்குள் இருந்தது வர மாட்டேன் என்கிறது. வீட்டுக்கு வந்து எடிட் செய்தபோதும் நீளத்தைப் பார்த்தேன், பாட்டைப் பார்த்தேன், எங்கே வெட்டுவது என்று பார்த்தேன். ஒன்று மட்டும் உறுதியாகத் தெரியும். கண் இரண்டும் மூடித்தான் இருந்தது. முகப்புப் படத்துக்குக் கண் திறந்த மாதிரி ஒன்றும் கிடைக்கவில்லையே என்று அன்றைக்கு நான் நினைத்தேன். அப்படி நினைத்தது நினைவிருக்கிறது.

இதை எழுதியவனிடம் நீ வர மாட்டாய். வா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

ஜீவா


ராசிபுரம்
19 மார்ச் 2025

மாமா,

இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதம் வந்த அன்றைக்கு அண்ணியின் போனை வாங்கிப் பார்த்தேன். இந்த வீடியோ இப்போது இல்லை என்று வந்தது. சோப்புத்தூள் விளம்பரம் கூட வரவில்லை. அதையாவது பொறுத்துக்கொண்டு பார்த்திருக்கலாம் என்று அப்போது தலையில் அடித்துக்கொண்டேன்.

உங்களைத் திட்ட எனக்கு வார்த்தை இல்லை. அழிக்கச் சொன்னவள் நான். ஒரு இடத்திலும் மிச்சம் வைக்காதீர்கள் என்று எழுதியவளும் நான்தான். இத்தனை வருடத்தில் நான் சொன்னதை நீங்கள் அப்படியே கேட்டது இந்த ஒரு தடவைதான். உங்களை அழைத்த போனைத் துண்டித்துவிட்டுப் பேனாவை எடுத்ததும் நான்தான்.

பொய் எழுதாததற்கு நன்றி என்று எழுத வேண்டும் என்று நினைத்தேன். எழுத மனம் வரவில்லை. பொய்யே எழுதியிருக்கலாம்.

பூக்காரம்மாவைக் கேட்டேன், சிலையாட்டம் என்பதற்குமேல் அவருக்குச் சொல்ல வரவில்லை; அண்ணி அந்த வீடியோவைத் திறக்கவே இல்லையாம். அந்தப் பெண்ணைத் தேடிப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குத் தினமும் போனேன். நீலப் பாவாடை, இரட்டைச் சடை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அங்கே எல்லாமே நீலப் பாவாடை, எல்லாமே இரட்டைச் சடை. பெயர் கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன். எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்று சொல்வீர்களே, அதில் ஒருத்தியையாவது பிடித்துவிட மாட்டேனா என்று அலைந்தேன்.

நேற்று அவளே வந்தாள். "அக்கா, நல்லாருக்கறீங்களா?" என்றாள். பெயர் அறிவுச்செல்வியாம். கையைப் பிடித்துக் கடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். "கண்ணு, அன்னிக்குச் சொன்னியே, பாப்பாவுக்கு என்ற தாவாங்கட்டைன்னு. இன்னும் என்னென்ன பாத்தே, சொல்லு சாமி" என்றேன். அவள் திருதிருவென்று விழித்தாள். "அப்படிச் சொன்னனுங்களாக்கா?" என்றாள். பிறகு, "நெறைய பாக்கறனுங்க்கா, எது எதுல வந்துச்சுன்னு நெனப்புல நிக்க மாட்டீங்குது" என்றாள்.

நான் கையை விடவில்லை. என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை, பிள்ளைக்குப் பாவமாக இருந்திருக்கிறது. யோசிக்கிற மாதிரி யோசித்துவிட்டு, "ஆமாங்க்கா, இப்ப நெனப்பு வருதுங்க. கண்ணு நல்லாப் பெருசுங்க. உங்களையே பாக்கற மாதிரி பாத்துச்சுங்க" என்றாள்.

கண் மூடித்தான் இருந்தது என்று உங்கள் கடிதம் என் பையில் இருந்தது.

அப்படியா சாமி என்றேன். அந்தத் தாவாங்கட்டைக் குழியும் அன்றைக்கு என்னைத் தேற்றச் சொன்னதுதானோ என்னவோ. கேட்கவில்லை. கேட்டு அதையும் இழக்க எனக்குத் தெம்பில்லை.

நீங்கள் வர வேண்டாம். நானும் வரவில்லை. உங்கள்மேல் கோபம் என்று நினைக்காதீர்கள், கோபம் இருந்தபோது வருவதற்கு ஒரு வழி இருந்தது. காட்டு வேலியோரத்தில் இடம் எது என்று உங்கள் அப்பாவைக் கேட்டு ஒரு கல் நட்டு வையுங்கள். அதில் பெயர் எதுவும் எழுத வேண்டாம். அந்தப் பெயர் என்னிடமே இருக்கட்டும், அவளுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

அறிவுச்செல்விக்கு ஒரு பொட்டலம் கடலை வாங்கிக் கொடுத்தேன். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டு ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

கயல்விழி